புள்ளியிலிருந்து இவ்வளவு, கோட்டிலிருந்து இவ்வளவு: நியமப்பாதை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும் கேட்டவை இவை. இங்கே கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, பேச்சு கிரியோலில் ஓடுகிறது. தமிழில் விளக்கினால் தாத்தா பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார்கள். சில நல்ல கேள்விகள் அவர்களிடமிருந்து வந்தவைதான். வந்த வரிசையில் போடாமல், ஒன்றிலிருந்து இன்னொன்று கிளைக்கும்படி மாற்றி வைத்திருக்கிறேன்.

மிஸ், நியமப்பாதை என்றால் என்ன? படம் போடாமல் சொல்ல முடியுமா?

படம் போடாமல் சொல்வதற்காகத்தான் அது இருக்கிறது. ஒரு நிபந்தனை சொல்கிறோம். அதற்கு உட்படும் புள்ளிகள் எல்லாம் உள்ளே வர வேண்டும். உட்படாத ஒரு புள்ளிகூட வரக்கூடாது. அந்தப் புள்ளிகளின் கூட்டமே நியமப்பாதை. இலங்கைப் பாடநூலில் படித்தவர்கள் ஒழுக்கு என்பார்கள்.

யூக்ளிட் ஏறக்குறைய 2300 ஆண்டுகளுக்கு முன் வட்டத்தை இப்படித்தான் வரையறுத்தார். உள்ளே ஒரு புள்ளி இருக்கிறது, அங்கிருந்து விளிம்புக்கு இழுக்கும் கோடுகள் எல்லாம் சமம், அவ்வளவுதான். ‘உருண்டை’ என்ற பேச்சே அதில் இல்லை.

நிபந்தனை இரண்டு பக்கமும் வெட்டும் என்பதை மறக்கக் கூடாது. வரைந்த கோட்டில் இருக்கும் எல்லாப் புள்ளியும் நிபந்தனைக்கு உட்படுகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். உட்படும் புள்ளி எதையாவது வெளியே விட்டுவிட்டோமா என்று பார்ப்பவர்கள் குறைவு. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

‘5 செ.மீ. தூரத்தில்’ என்பதும் ‘5 செ.மீ. தூரத்துக்குள்’ என்பதும் ஒன்றுதானே?

இல்லை. முதலாவது வட்டக் கோடு. இரண்டாவது அந்தக் கோட்டுக்குள் இருக்கும் பரப்பு முழுவதும்.

இங்கே சில கரும்புத் தோட்டங்களில் நடுவில் ஒரு முளை, அதைச் சுற்றி வரும் நீண்ட இரும்புக் கை, அதில் வரிசையாகத் தண்ணீர்த் தெளிப்பான்கள் என்று பார்த்திருப்பீர்கள். கையின் நுனிச் சக்கரம் மண்ணில் போடும் தடம் ‘தூரத்தில்’. நனைந்த நிலம் ‘தூரத்துக்குள்’. கை 400 மீட்டர் நீளம் என்று வையுங்கள்: நனையும் பரப்பு ஏறக்குறைய 50 ஹெக்டேர். 800 மீட்டர் பக்கமுள்ள சதுர வயலின் நடுவில் அதை நிறுத்தினால் மொத்தம் 64 ஹெக்டேரில் நான்கு மூலைகளுமாகச் சேர்ந்து ஏறக்குறைய 14 ஹெக்டேர் காய்ந்தே கிடக்கும். வயல் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் இந்தக் காய்ந்த பங்கு மாறாது, 21 விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

ஒரு கோட்டிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் இருக்கும் புள்ளிகள்?

கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு இணைகோடுகள். ஒன்றை மட்டும் வரைந்துவிட்டு வருபவர்கள் பாதிப் பேர்.

கோட்டிலிருந்து தூரம் என்றால் எந்தத் தூரம் என்பதை இங்கே நிறுத்திக் கேட்க வேண்டும். ஒரு புள்ளியிலிருந்து கோட்டுக்கு எத்தனையோ வழியில் கோடு இழுக்கலாம். அவற்றில் மிகக் குறுகியதைத்தான் தூரம் என்கிறோம். நேர்கோடு முடிவில்லாமல் போனால் அந்தக் குறுகிய வழி எப்போதும் செங்குத்தாக விழும். ஆகவே பிள்ளைகள் ‘தூரம் என்றால் செங்குத்து’ என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அது பாதி உண்மை. ‘தூரம் என்றால் மிகக் குறுகியது’ என்று பிடித்துக்கொண்டால், கீழே வரும் கேள்விகள் பாதி தானாக விடுபடும்.

கோட்டுத்துண்டு என்றால் மட்டும் ஏன் ஓரத்தில் அரைவட்டம் வருகிறது?

காரணம் அதேதான். 8 செ.மீ. நீளமுள்ள துண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நேர் மேலேயோ கீழேயோ இருக்கும் புள்ளிக்கு மிக அருகில் இருப்பது செங்குத்து விழும் இடம். ஆனால் துண்டின் முனையைத் தாண்டி ஒரு புள்ளி நின்றால், அங்கிருந்து செங்குத்து இறக்கினால் அது துண்டின் மேலேயே விழாது. அந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருப்பது முனைதான். முனையிலிருந்து 3 செ.மீ. என்றால் வட்டம், அதில் பாதி.

ஆக மொத்தம் ஓட்டப்பந்தயத் தடத்தின் வடிவம்: இரண்டு நேர்ப்பகுதிகள், இரண்டு அரைவட்டங்கள். சுற்றளவு 16 கூட்டல் 6 பை, அதாவது 34.85 செ.மீ.

எங்கள் மனை 20 மீட்டருக்கு 30 மீட்டர். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வெளியே வேலி போட்டால் மூலை கூராக இருக்குமா, வளையுமா?

வளையும். மூலைக்கு வெளியே நிற்பவருக்கு மிக அருகில் இருப்பது மூலை என்ற ஒற்றைப் புள்ளி. அங்கே கால்வட்டம் வரும். நான்கு மூலையிலும் கால் கால் வட்டமாகச் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், அதன் சுற்றளவு 10 பை. வேலியின் நீளம் 100 கூட்டல் 31.4, ஆக 131.4 மீட்டர். மூலையைக் கூராக விட்டால் 140 மீட்டர் ஆகும்; தூரமும் மூலையில் 5 மீட்டராக இருக்காது, 7.07 ஆகிவிடும்.

உள்ளே 5 மீட்டர் தள்ளிக் கோடு போட்டால் கதை வேறு. உள்ளே நிற்பவருக்கு அருகில் எப்போதும் ஏதாவது ஒரு சுவர்தான் இருக்கும், மூலை இருக்காது. எனவே 10 மீட்டருக்கு 20 மீட்டர் உள்ள கூரான செவ்வகமே வரும்.

வெளியே போகும்போது கூடிய நீளத்தைப் பாருங்கள்: 2 பை பெருக்கல் தூரம். மனை முக்கோணமாக இருந்தாலும், எத்தனை பக்கம் இருந்தாலும், உள்வாங்கிய இடம் எதுவும் இல்லாதவரை கூடுவது அதே 2 பை பெருக்கல் தூரம்தான். சுவிட்சர்லாந்துக் கணிதர் யாக்கோப் ஸ்டைனர் 1840-இல் இதைப் பரப்புக்கும் சேர்த்துச் சூத்திரமாக்கினார்: கூடும் பரப்பு, சுற்றளவு பெருக்கல் தூரம் கூட்டல் பை பெருக்கல் தூரத்தின் வர்க்கம். எனக்குப் பள்ளிக் கணக்கில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று. ஆனால் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை.

கடலோரத்தில் ‘பா ஜியோமெத்ரீக்’ என்று 81.21 மீட்டர் சொல்கிறார்களே, அதை எங்கிருந்து எப்படி அளப்பது?

ஒரு தாத்தா கேட்ட கேள்வி. அவர் வீட்டாருக்குக் கடற்கரையில் குத்தகை நிலத்தில் ஒரு கம்ப்மான், அதாவது கடலோர வீடு, இருக்கிறது. இந்தத் தீவில் கணக்கையும் வாழ்க்கையையும் சேர்த்துக் காட்ட இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: மொரீஷியஸின் கரை நெடுக ஒரு பட்டை நிலம் அரசுக்கு ஒதுக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியில் டெக்கான் என்பவர் இங்கே ஆளுநராக இருந்த 1807-இலேயே அதற்கு ஆணை உண்டு. ஆங்கிலேயர் காலத்தில் 1895-இல் தனிச் சட்டமே வந்தது. பெருவெள்ள ஓதத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து உள்நாட்டுப் பக்கம் குறைந்தது 81.21 மீட்டர் அகலம் என்பது கணக்கு. எண் விநோதமாக இருக்கிறதே என்றால், அது பழைய பிரெஞ்சு அளவு. 5 பிரெஞ்சு அடி ஒரு எட்டு. 50 எட்டு 250 அடி. அதை மீட்டராக்கினால் 81.21. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனிலும் இதே 50 எட்டுப் பட்டை இருக்கிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். இது ‘ஒரு வளைகோட்டிலிருந்து 81.21 மீட்டர் தூரத்தில் இருக்கும் புள்ளிகளின் நியமப்பாதை’. வரைபடத்தில் இதை வரையச் சொன்னால் பிள்ளைகள் இரண்டு விதத்தில் வரைகிறார்கள், இரண்டும் பிழை. சிலர் கரைக்கோட்டை அப்படியே தூக்கி உள்ளே நகர்த்துகிறார்கள். தெற்குக் கரையை வடக்கே நகர்த்தினால், நேர் தெற்கே பார்க்கும் இடங்களில் மட்டும் தூரம் சரியாக வரும்; சாய்ந்து போகும் இடங்களில் குறைந்துவிடும். வேறு சிலர் தீவைச் சிறிதாக்கி உள்ளே வரைகிறார்கள். அதில் தூரம் இடத்துக்கு இடம் மாறும்.

சரியான வழி கவராயத்துடையது. கரைக்கோட்டில் நெருக்க நெருக்கப் புள்ளி வைத்து, ஒவ்வொன்றையும் மையமாகக் கொண்டு 81.21 மீட்டருக்கு உரிய ஆரத்தில் வட்டம் போட வேண்டும். எந்த வட்டத்துக்குள்ளும் சிக்காத உள்நிலத்தின் எல்லைதான் நாம் தேடுவது. சிறு பிள்ளைகளுக்கு அட்டையில் கரையை வெட்டிக்கொடுத்து, அதன் விளிம்பில் ஒரு வட்டத் தகட்டை உருட்டச் சொல்வேன். தகட்டின் மையத்தில் பென்சில் நுனி இருந்தால் அது போடும் கோடு இதுவே.

கடல் உள்ளே புகுந்த குடாவின் உச்சியில் கூரான மூலை இருந்தால், அதைச் சுற்றி நிலப் பக்கத்தில் எல்லை வட்டவில்லாக விரியும். நிலம் கடலுக்குள் நீண்ட முனையில் எதிர்மாறு: இரண்டு கரையிலிருந்தும் வரும் எல்லைகள் ஒன்றையொன்று முட்டிக் கூராகும். முனையின் அகலம் 162.42 மீட்டருக்குக் குறைவாக இருக்கும் இடத்தில் உள் எல்லையே கிடையாது. நிலம் முழுவதும் பட்டைக்குள் போய்விடும். தாத்தாவுக்கு இது உடனே புரிந்தது, பேரனுக்குத்தான் படம் போட வேண்டியிருந்தது.

இது கணக்கு மட்டும். குத்தகை நிலத்தின் எல்லைக்கல் எங்கே என்பதை நில அளவையாளரின் வரைபடம்தான் சொல்லும், என் கவராயம் அல்ல.

கடல் பக்கம் 12 மைல், 200 மைல் என்பதும் இதே மாதிரியா?

அதே மாதிரிதான், கடல் மைலில். கரையிலிருந்து 12 மைல் வரை நாட்டின் ஆட்சிக் கடல், 200 மைல் வரை மீன்பிடிப்பு போன்ற பொருளாதார உரிமையுள்ள கடல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 4-ஆம் பிரிவைப் படித்தால் கணக்குப் புத்தகம் மாதிரி இருக்கும்: வெளி எல்லை என்பது, அதன் ஒவ்வொரு புள்ளியும் அடிக்கோட்டின் (தூரத்தை அளக்கத் தொடங்கும் கரையோரக் கோடு) மிக அருகிலுள்ள புள்ளியிலிருந்து ஆட்சிக் கடலின் அகல அளவு தூரத்தில் இருக்கும் கோடு. ‘மிக அருகிலுள்ள’ என்ற சொல்லைச் சட்டம் எழுதியவர்கள் விடவில்லை பாருங்கள். விடைத்தாளில் நாம் விடுகிறோம்.

200 கடல் மைல் எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு கணக்கு. நடுக்கடலில் தனியே ஒரு சின்னத் தீவு, சுற்றிலும் வேறு நாடே இல்லை என்று வையுங்கள். ஆரம் 370.4 கி.மீ. உள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 4,31,000 சதுர கி.மீ. மொரீஷியஸ் நாட்டின் நிலப்பரப்பு 2,040 சதுர கி.மீ. ஒரு புள்ளிக்கு அதைப்போல 200 மடங்குக்கு மேல் கடல். அதனால்தான் மனிதர் வாழவோ தனக்கென்று பொருளாதார வாழ்வு வைத்துக்கொள்ளவோ முடியாத பாறைகளுக்கு 200 மைல் கிடையாது என்று 121-ஆம் பிரிவு கட்டுப்போடுகிறது. 12 மைல் மட்டும் கிடைக்கும். அது 1,550 சதுர கி.மீ. அளவு.

நமக்கும் ரீயூனியனுக்கும் நடுவே 400 மைல் இடமே இல்லையே! அப்போது?

இல்லைதான். இரண்டு தீவுக்கும் இடையே 200 கி.மீ. கூட வராது. இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். மொரீஷியஸும் பிரான்சும் 1980 ஏப்ரல் 2 அன்று செய்துகொண்ட உடன்படிக்கை இந்த இடத்தைச் சமதூரக் கோட்டை வைத்துப் பிரித்தது. சாகோஸ் தீவுகளுக்கும் மாலத்தீவுக்கும் நடுவே உள்ள கடலைப் பற்றி மொரீஷியஸுக்கும் மாலத்தீவுக்கும் நடந்த வழக்கிலும், சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2023 ஏப்ரல் 28 அன்று தீர்ப்புச் சொன்னபோது சமதூரக் கோட்டில்தான் தொடங்கியது.

இரண்டு தீவும் வெறும் புள்ளிகளாக இருந்தால் சமதூரக் கோடு என்பது அவற்றை இணைக்கும் கோட்டின் மையக்குத்துக்கோடு. பள்ளியில் கவராயத்தை இரண்டு முனையிலும் வைத்து வில் போட்டு வரைகிறோமே, அதுதான். தீவுகளுக்குக் கரை இருப்பதால் கோடு துண்டு துண்டாகும். ஒரு பக்கத்தில் ஒரு முனையும் மறுபக்கத்தில் ஒரு முனையும் அருகில் இருந்தால் அந்தத் துண்டு நேர்கோடு. ஒரு பக்கம் முனை, மறுபக்கம் நேரான கரை என்றால் அந்தத் துண்டு வளைந்துவிடும். அந்த வளைவுக்குப் பெயர் உண்டு, சற்றுக் கீழே வருகிறேன்.

மூன்று ஊர்களுக்கும் சமதூரத்தில் ஒரு இடம் என்றால் மூன்றுக்கும் நடுவில்தானே இருக்கும்?

இருக்க வேண்டியதில்லை. வரைபடத்தை எடுத்து போர்ட் லூயி, கியூர்பிப், மாயேபூர் மூன்றையும் புள்ளியாக வையுங்கள். போர்ட் லூயிக்கும் மாயேபூருக்கும் இடையே மையக்குத்துக்கோடு, கியூர்பிப்புக்கும் மாயேபூருக்கும் இடையே இன்னொன்று. இரண்டும் எங்கே வெட்டுகின்றன? கிழக்கே ஃபிளாக் பக்கத்தில்! அங்கிருந்து மூன்று ஊருக்கும் நேர்தூரம் ஏறத்தாழ 22 முதல் 24 கி.மீ. ஊர்களின் முக்கோணத்தில் கியூர்பிப்பில் உள்ள கோணம் விரிகோணம், அதனால் சுற்றுவட்ட மையம், அதாவது மூன்றுக்கும் சமதூரமான அந்தப் புள்ளி, முக்கோணத்துக்கு வெளியே தள்ளிப்போகிறது. பிள்ளைகளிடம் முதலில் விரலை வைத்து ஊகிக்கச் சொன்னால் பெரும்பாலும் கியூர்பிப்பை ஒட்டியே வைக்கிறார்கள். ‘நடு’ என்பதும் ‘சமதூரம்’ என்பதும் வேறு வேறு.

பல புள்ளிகளை வைத்து, ஒவ்வோர் இடத்துக்கும் எது மிக அருகில் என்று தாளைப் பங்குபோட்டால் அதற்கு வொரொனோய் வரைபடம் என்று பெயர். எந்த மருத்துவமனை பக்கம், எந்தக் கடை பக்கம் என்று பிரிப்பதெல்லாம் மையக்குத்துக்கோடுகளின் வேலைதான்.

இரண்டு கோடுகளுக்குச் சமதூரம்?

இணைகோடுகள் என்றால் நடுவில் ஒரே கோடு. வெட்டும் கோடுகள் என்றால் கோண இருசமவெட்டிகள் இரண்டு. அவை ஒன்றுக்கொன்று செங்குத்து. இரண்டாவதை மறக்காதீர்கள்.

ஒரு புள்ளிக்கும் ஒரு கோட்டுக்கும் சமதூரம் என்றால் என்ன வடிவம்?

பரவளையம். மேலே சொன்ன, முனைக்கும் நேரான கரைக்கும் நடுவே வளையும் துண்டு இதுதான்.

வரைய வேண்டாம், மடித்துப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளின் கீழ் விளிம்புதான் கோடு. அதற்கு இயக்குவரை என்று பெயர். விளிம்பின் நடுவுக்கு நேர் மேலே 4 செ.மீ. தூரத்தில் ஒரு புள்ளி வையுங்கள், அது குவியம். இப்போது கீழ் விளிம்பின் ஏதாவது ஓர் இடம் அந்தப் புள்ளியின்மேல் சரியாக உட்காரும்படி தாளை மடித்து நகத்தால் அழுத்துங்கள். விரியுங்கள். விளிம்பின் வேறோர் இடத்தைக் கொண்டுவந்து மறுபடி மடியுங்கள். இருபது முப்பது மடிப்பு ஆனதும் எந்த மடிப்பும் நுழையாத ஒரு வளைவு தானாகத் தெரியத் தொடங்கும். யாரும் வரையவில்லை, ஆனால் இருக்கிறது. வகுப்பில் சத்தம் அடங்கும் ஒரே நேரம் அது.

ஏன் அப்படி? ஒவ்வொரு மடிப்பும் குவியத்துக்கும் விளிம்பின் ஒரு புள்ளிக்கும் உள்ள மையக்குத்துக்கோடு. விளிம்பின் அந்தப் புள்ளியிலிருந்து நேர் மேலே போய் மடிப்பைத் தொடும் இடத்தில், குவியத்துக்கு உள்ள தூரமும் விளிம்புக்கு உள்ள செங்குத்துத் தூரமும் ஒன்று. அந்த இடம்தான் பரவளையத்தின் புள்ளி. மடிப்பு அங்கே தொடுகோடு. சரிபார்க்க: வளைவின் அடி விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே இருக்கும். குவியத்தின் மட்டத்துக்கு வளைவு ஏறும்போது பக்கவாட்டில் 4 செ.மீ. போயிருக்கும். அளந்து பாருங்கள்.

கூரை மேலே இருக்கும் பராபோலும் அதுவா?

பராபோல் என்று இங்கே சொல்வது டிவி அலைவாங்கித் தட்டை. அதுவே, ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றியது. செயற்கைக்கோள் மிகத் தொலைவில் இருப்பதால் அலைகள் இணையாக வந்து விழுகின்றன. ஒவ்வோர் அலையும் தட்டில் பட்டுக் குவியத்துக்குப் போகும் தூரமும், படாமல் நேராகத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் கற்பனை இயக்குவரைக்குப் போயிருந்தால் போயிருக்கும் தூரமும் சமம். ஆகவே எந்த இடத்தில் பட்டாலும் மொத்தப் பயணம் ஒன்றே. எல்லாம் ஒரே நேரத்தில் குவியத்தில் சேர்ந்து ஒன்றையொன்று வலுப்படுத்தும். புத்தகங்கள் கோணத்தை வைத்து விளக்கும். எனக்குத் தூரத்தை வைத்துச் சொல்வது தெளிவாகப் படுகிறது.

குவியம் எங்கே என்று கண்டுபிடிக்க, தட்டின் விட்டத்தின் வர்க்கத்தை ஆழத்தின் 16 மடங்கால் வகுக்க வேண்டும். விட்டம் 80 செ.மீ., ஆழம் 10 செ.மீ. என்றால் குவியம் அடியிலிருந்து 40 செ.மீ. நம் வீட்டுத் தட்டைப் போய் அளக்காதீர்கள். வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பெரிய பரவளையத்தின் ஓரத்திலிருந்து வெட்டிய துண்டுகள்; அதனால்தான் அலை வாங்கும் பெட்டி நடுவில் இல்லாமல் கீழே கை நீட்டி நிற்கிறது.

இரண்டு முளை, ஒரு கயிறு வைத்துத் தோட்டத்தில் நீள்வட்டப் பாத்தி போட எவ்வளவு கயிறு வேண்டும்?

நீள்வட்டத்தில் இரண்டு குவியங்களிலிருந்தும் (இங்கே முளைகள்) உள்ள தூரங்களின் கூட்டுத்தொகை மாறாது. முளைகளுக்கு இடையே 6 மீட்டர், கயிற்றின் இரு முனையையும் முளைகளில் கட்டினால் நடுவே 10 மீட்டர் கயிறு இருக்க வேண்டும் என்று வையுங்கள். கயிற்றை விறைப்பாக இழுத்துக்கொண்டு குச்சியால் மண்ணைக் கீறினால் பாத்தி 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் வரும். அகலம் 3, 4, 5 முக்கோணத்திலிருந்து வருகிறது. முடிச்சுக்குத் தனியாகக் கொஞ்சம் விட்டு வெட்டுங்கள். கயிறு நீளும் நைலானாக இருந்தால் பாத்தி கோணலாகும், சணல் கயிறு நல்லது.

பூமியின் பாதை நீள்வட்டம் என்றால், நமக்கு ஜனவரியில் வெயில் அதிகம் இருப்பது அதனாலா?

இந்தத் தீவில் இருந்துகொண்டு இப்படி நினைப்பது இயல்புதான். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.71 கோடி கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில் 15.21 கோடி. தைப்பூசக் காவடி எடுக்கும்போது இங்கே வேர்த்துக் கொட்டுகிறது. அதே நாளில் சென்னையில் காலைப் பனி. தூரம்தான் காரணம் என்றால் அங்கும் வெயில் கொளுத்த வேண்டுமே. பருவம் பூமியின் அச்சுச் சாய்விலிருந்து வருகிறது.

பாடநூலில் இந்தப் பாதையை முட்டை மாதிரி நீட்டி வரைவது எனக்குக் கோபம் தரும். நெட்டச்சின் (நீளவாக்கு விட்டத்தின்) பாதி 14.96 கோடி கி.மீ.; குற்றச்சின் (அகலவாக்கு விட்டத்தின்) பாதி அதைவிட ஏறக்குறைய 21,000 கி.மீ. மட்டுமே குறைவு. தாளில் வரைந்தால் வட்டத்திலிருந்து பிரித்தறியவே முடியாது. ஆனால் சூரியன் மையத்தில் இல்லை, 25 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது. நீள்வட்டத்தில் வடிவம் கொஞ்சமாக மாறும்போதே குவியம் வெகுதூரம் நகர்ந்துவிடும்.

கூட்டுத்தொகைக்குப் பதில் வித்தியாசம் மாறாமல் இருந்தால்?

அதிபரவளையம். இதற்கு நம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஒரு நினைவுச்சின்னம் இருந்திருக்க வேண்டியது. வெடி வைத்து விழுத்திவிட்டார்கள்.

ரீயூனியனில் சேன்-போல் அருகே 428 மீட்டர் உயரக் கம்பம் ஒன்று 1976 முதல் நின்றது. ஒமேகா என்ற கப்பல், விமான வழிகாட்டு முறையின் நிலையம் அது. உலகம் முழுவதும் இப்படி மொத்தம் எட்டு. நிலையங்கள் ஒத்திசைவாக மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில், 10.2 கிலோஹெர்ட்ஸ் அளவில், அலை அனுப்பும். கப்பலில் இருப்பவருக்கு எந்த நிலையமும் எவ்வளவு தூரம் என்று தெரியாது. ஆனால் இரண்டு நிலையங்களின் அலைகள் எவ்வளவு முன்பின்னாக வருகின்றன என்று அளக்க முடியும். அதாவது தூரங்களின் வித்தியாசம் தெரியும். வித்தியாசம் தெரிந்தால் கப்பல் ஏதோ ஓர் அதிபரவளையத்தின்மேல் நிற்கிறது. இன்னொரு சோடி நிலையத்தைக் கேட்டால் இன்னோர் அதிபரவளையம். இரண்டும் வெட்டும் இடம் கப்பல்.

ஒரு சிக்கல் இருந்தது. அலைநீளம் ஏறக்குறைய 29.4 கி.மீ.; நிலையங்களை இணைக்கும் கோட்டில் ஒவ்வொரு 14.7 கி.மீ.க்கும் அதே அளவீடு திரும்ப வரும். எந்தப் பட்டையில் இருக்கிறோம் என்பதைப் புறப்பட்ட இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டு வர வேண்டும். 1997 செப்டம்பர் 30 அன்று ஒமேகா நிறுத்தப்பட்டது, ஜி.பி.எஸ். வந்துவிட்டது. கம்பத்தை 1999-இல் வீழ்த்தினார்கள்.

ஒரு புள்ளிக்கு இருக்கும் தூரம் இன்னொரு புள்ளிக்கு இருக்கும் தூரத்தைப்போல இரண்டு மடங்கு என்றால் நேர்கோடுதானே வரும்?

அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள், வருவது வட்டம். ‘அ’, ‘ஆ’ என்று 6 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். ‘அ’விலிருந்து உள்ள தூரம் ‘ஆ’விலிருந்து உள்ளதைப்போல இரு மடங்கு. இணைப்புக் கோட்டில் ‘அ’விலிருந்து 4 செ.மீ.யில் ஒரு புள்ளி கிடைக்கும். ‘ஆ’வைத் தாண்டி, ‘அ’விலிருந்து 12 செ.மீ.யில் இன்னொன்று. இந்த இரண்டையும் விட்டத்தின் முனைகளாகக் கொண்ட, 4 செ.மீ. ஆரமுள்ள வட்டம்தான் விடை. அப்போலோனியஸ் வட்டம் என்பார்கள். விகிதம் 1 ஆனால் மட்டும் வட்டம் நிமிர்ந்து மையக்குத்துக்கோடு ஆகிவிடும்.

மையத்தொலைத்தகவு என்பதும் விகிதம்தானா?

ஆம், இது புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள விகிதம். குவியத்துக்கு உள்ள தூரத்தை இயக்குவரைக்கு உள்ள தூரத்தால் வகுத்தால் 1-க்குக் கீழே நீள்வட்டம், சரியாக 1 என்றால் பரவளையம், 1-க்கு மேலே அதிபரவளையம். நமக்குக் கிடைத்துள்ள நூல்களில் இதை நிறுவிக் காட்டிய முதல் ஆள் 4-ஆம் நூற்றாண்டு அலெக்சாண்டிரியாவின் பாப்பஸ்.

தெருவழியே நடந்து போகும் தூரத்தைக் கணக்கில் எடுத்தால்?

போர்ட் லூயி நடுவில் தெருக்கள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே பறக்க முடியாது; கிழக்கே இவ்வளவு, வடக்கே இவ்வளவு என்றுதான் போக முடியும். அந்த அளவில் ‘வட்டம்’ வரைந்தால், மூலை மேலாக நிற்கும் சதுரம் வரும். வரையறை மாறவில்லை, தூரத்தை அளக்கும் வழி மட்டும் மாறியது.

முப்பரிமாணத்தில்?

புள்ளியிலிருந்து என்றால் கோளம். கோட்டிலிருந்து என்றால் உருளை. கோட்டுத்துண்டிலிருந்து என்றால் மருந்துக் குளிகையின் வடிவம்.

தேர்வில் கவராயத்தால் போட்ட வில் கோடுகளை அழித்துவிடலாமா? தாள் அசிங்கமாக இருக்கிறதே.

அழிக்கவே கூடாது. அந்த வில்கள்தான் வழிமுறை. அவை இல்லாவிட்டால் அளவுகோலால் ஊகித்து வரைந்ததாகத் திருத்துபவர் எடுத்துக்கொள்வார். பென்சிலைக் கூராக்கி மெல்லிசாகப் போடுங்கள், விடைக் கோட்டை மட்டும் அழுத்திப் போடுங்கள். ‘குறைவாக’ என்று கேட்டால் எல்லைக் கோட்டைப் புள்ளிக்கோடாகவும், ‘குறைவாக அல்லது சமமாக’ என்றால் முழுக்கோடாகவும் போட்டு, வேண்டிய பரப்பை மட்டும் நிழலிடுங்கள். நிழலிட்ட பகுதிக்குள் ஒரு புள்ளியை வைத்து அளவுகோலால் தூரத்தை அளந்து பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.